ஈயச்சொம்பு ரசமும் பேட்டரிக் கடைச் சட்டையும்

கேள்வி: கொரட்டூரில், என் மாமனார் 1990-களில் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். மகனுக்கு 3 வயது. ஹீமோகுளோபின் 9.4 என்று சொல்லி டாக்டர் இரும்புச்சத்து சிரப் கொடுத்தார். இரண்டு மாதம் விடாமல் கொடுத்தும் ஏறவில்லை. மலச்சிக்கல் இருக்கிறது, சாப்பிடப் படுத்துகிறான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சுவரைச் சுரண்டி வாயில் போடுகிறான். ஹோட்டல் சாம்பாரைச் சூடாக பிளாஸ்டிக் கவரில் வாங்குவது, பேப்பர் கப், கேன் தண்ணீர், கடை மஞ்சள்தூள், கொசுவர்த்தி என்று எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் ரசம் எப்போதும் ஈயச்சொம்பில்தான். அதுவும் கெடுதல் என்று யாரோ சொல்ல, "நாங்களெல்லாம் இதில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே" என்கிறார் மாமியார். கணவர் இன்வெர்ட்டர் பேட்டரி ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறார். இரவு வந்ததும் மகனைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நான் இப்போது நான்கு மாத கர்ப்பம். எதை முதலில் நிறுத்துவது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வரிசைப்படுத்திய பயங்களில் பிளாஸ்டிக் கவர் முதலில் இருக்கிறது. கணவரின் வேலை, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் வருகிறது. என் வரிசை நேர் தலைகீழ். முதலில் அந்த பேட்டரிக் கடை, அடுத்தது ஜன்னல் ஓரம், மூன்றாவது ஈயச்சொம்பு, அதன்பின் மஞ்சள்தூள். நான்கையும் இணைப்பது ஒரே பொருள்: காரீயம், ஆங்கிலத்தில் லெட்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கும் ஓடுகிறது. ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். அது சமையலுக்கு ஆகும். பேட்டரிக்குள் இருப்பதும், பழைய பெயின்டில் இருந்ததும் காரீயம். அது நஞ்சு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது.

பெரியவர் ஒருவர் விழுங்கும் காரீயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் ஏறும். சிறு குழந்தைக்குப் பாதி வரை ஏறலாம். வெறும் வயிறாக இருந்தால் இன்னும் கூடும். உடம்பில் இரும்பும் கால்சியமும் குறைவாக இருந்தால் மேலும் கூடும், ஏனென்றால் குடல் அவற்றை உறிஞ்சும் வழியிலேயே காரீயமும் நுழைகிறது. உள்ளே போனது ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கிறது. ஆக, இரும்புக் குறைவால் காரீயம் ஏறும், காரீயத்தால் ரத்தசோகை கூடும். சோகை பிடித்த குழந்தைக்கு மண், சுவர், சாம்பல் தின்னும் ஆசை வரும், அந்தச் சுவரிலிருந்து இன்னும் காரீயம் வரும். உங்கள் மகன் இந்தச் சுழலில் இருக்கிறான் என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. குடற்புழு, பரம்பரை ரத்த நோயான தலசீமியா, பாலிலேயே வயிறு நிரம்புவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சிரப்புக்கு அசையாத சோகை, மலச்சிக்கல், சுவர் தின்பது, தந்தையின் தொழில் என்ற நான்கும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும்போது ரத்தத்தில் காரீயம் பார்க்காமல் விடக்கூடாது.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். 'அப்பா பேட்டரி ரிப்பேர் வேலை, குழந்தை சுவர் தின்கிறான்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்க வேண்டியது ரத்தக் காரீய அளவு. ஊசியால் நரம்பிலிருந்து எடுத்த ரத்தமாக இருக்கட்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசு கலந்து அளவு பொய்யாக ஏறும். ரத்தம் எடுப்பதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. எல்லா லேபிலும் இது செய்யப்படுவதில்லை. பெரிய லேபுகள் ரத்தத்தை எடுத்து மையக் கூடத்துக்கு அனுப்பும், முடிவு வரச் சில நாள் ஆகும். மகனுக்கு மட்டும் போதாது. உங்களுக்கும் கணவருக்கும் சேர்த்தே எடுங்கள்.

முடிவு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 3.5-லேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். 45-ஐத் தொட்டால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும், அது மருத்துவமனையில் நடக்க வேண்டிய காரியம். அதற்குக் கீழே பொதுவாக அந்த மருந்து கொடுப்பதில்லை, வரும் வழியை அடைப்பதுதான் முக்கிய சிகிச்சை. ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், எலும்புக்குள் போனது வருடக்கணக்கில் தங்கும். ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தாமல் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி பாருங்கள். இடையில் குழந்தைக்கு விடாத வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி, வழக்கமில்லாத மயக்கத் தூக்கம், வலிப்பு எது வந்தாலும் முடிவுக்குக் காத்திருக்காமல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும்.

இனி கடை. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். சீல் பிரிக்காத பேட்டரியை வாங்கி விற்பவருக்கு ஆபத்து குறைவு. உங்கள் கணவர் ரிப்பேர் செய்கிறார் என்கிறீர்கள். மூடியைத் திறந்து பிளேட்டை எடுப்பது, முனையில் பூத்த வெள்ளைத் தூளைச் சுரண்டுவது, ஈயத்தை உருக்கிப் பற்ற வைப்பது, இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத தூசைக் கிளப்பும். அது சட்டையில், தலைமுடியில், செல்போனில், ஹெல்மெட்டின் உள்பஞ்சில், வண்டி சீட்டில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். வந்ததும் மகனைத் தூக்குகிறார். குழந்தை அப்பாவின் தோளில் வாய் வைத்துத் தூங்குகிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான்.

அவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேலைக்கென்று தனிச் சட்டை, பேன்ட், செருப்பு வைத்துக்கொண்டு அவற்றைக் கடையிலேயே கழற்ற வேண்டும். கடையில் தண்ணீர் வசதி இருந்தால் தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டே கிளம்பட்டும். இல்லையென்றால் வீட்டுக்குள் நுழைந்து யாரையும் தொடும் முன் நேராகக் குளியலறைக்குப் போகட்டும், தலைமுடியும் நனைய வேண்டும். கையைச் சோப்பு போட்டு, நகத்துக்கடியில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சானிடைசர் கிருமிக்குத்தான், காரீயத்தை எடுக்காது. கடையில் டீ, பீடி, சிகரெட், வெற்றிலைபாக்கு எதுவானாலும் கை கழுவிவிட்டு, வேலை மேடையை விட்டு விலகி வந்தபின்தான். சாப்பாட்டுத் தூக்கை வேலை மேடையில் வைக்கக்கூடாது. செல்போனை ஈரத்துணியால் துடைத்த பிறகே மகன் கையில் கொடுக்கலாம். பிளேட், உருக்கிய கட்டி, காலி பேட்டரி எதையும் மொட்டை மாடியில் வைக்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அந்தத் துணியை இப்போது யார் துவைக்கிறார்கள்? நீங்கள் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். உதறுவது இன்னும் மோசம், உதறும்போது வரும் தூசை மூக்கால் இழுக்கிறீர்கள். அவரே ஒரு பையில் கட்டி எடுத்துவந்து, அப்படியே தண்ணீரில் முக்கி, மற்றவர்கள் துணியோடு சேர்க்காமல் துவைக்கட்டும். கர்ப்பத்தில் காரீயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவுக்குப் போகும். வயிற்றில் இருக்கும் குழந்தை எலும்பு கட்டத் தாயின் எலும்பைக் கரைக்கும்போது, அங்கே பல வருடமாகத் தேங்கியிருந்த காரீயமும் அதோடு வெளியே வரும். கால்சியம் போதுமான அளவு உள்ளே போனால் இந்தக் கரைப்பு குறையும். மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்த கால்சிய மாத்திரையை மறக்காதீர்கள். இரும்பு மாத்திரையோடு ஒரே வேளையில் போடாமல் காலை, இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தரையைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரமாப்பால் துடையுங்கள். துடைத்த நீரைச் செடிக்கு ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். மகனுக்கு ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு முன்பும், தூங்கும் முன்பும் கை கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை நகம் வெட்ட வேண்டும். கழுத்திலோ இடுப்பிலோ தாயத்து இருந்து அதை அவன் சப்பினால், உள்ளே இருக்கும் தகடு ஈயத்தகடா என்று தெரியாதவரை கழற்றி வையுங்கள். சீட்டு ஒட்டாத பற்பம், செந்தூரம் எதையாவது தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அந்தப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்தது ஜன்னல். சுவரில் அடிக்கும் வெறும் சுண்ணாம்பில் காரீயம் பிரச்சினை கிடையாது. சந்தேகம் ஜன்னல் கம்பி, கதவு, நிலை மேல் இருக்கும் எனாமல் பெயின்ட் மீது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. உங்கள் வீட்டுக் கம்பியில் அதற்கு முன் அடித்த நாலைந்து பூச்சு அடுக்கடுக்காக இருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை வண்ணங்களிலும் துருவைத் தடுக்க அடித்த செந்நிற அடிப்பூச்சிலும் காரீயம் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. கம்பி உரிந்து திட்டில் விழும் செதிலைத்தான் அவன் சுவரோடு சேர்த்துத் தின்கிறான் என்று நினைக்கிறேன்.

உடனே ஆளைக் கூப்பிட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று தோன்றும். உலர்வாகச் சுரண்டினால் இப்போது இருப்பதைவிட நிலைமை பல மடங்கு மோசமாகும். தீக்கொளுத்தி உரிப்பது அதைவிட ஆபத்து, காரீயம் புகையாகவே நெஞ்சுக்குள் இறங்கும். இப்போதைக்குக் கட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள். விழுந்த செதிலை ஈரத்துணியால் எடுங்கள். உரியும் இடத்தில் அகலமான டேப் ஒட்டுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சரிசெய்வதென்றால், நீங்களும் மகனும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, கம்பியை நனைத்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, வழிந்ததைத் துணியில் ஒற்றி எடுத்து, புதிய பெயின்ட் அடித்து, தரையை இரண்டு முறை ஈரமாகத் துடைத்த பிறகே திரும்பி வாருங்கள்.

ஈயச்சொம்புக்கு வருவோம். நல்ல வெள்ளீயச் சொம்பில் வைத்த ரசத்தில் தவறு ஏதும் இல்லை. சொம்பு வெள்ளீயம்தானா என்பதே கேள்வி. காரீயம் வெள்ளீயத்தைவிடப் பல மடங்கு மலிவு, இரண்டும் எளிதாகக் கலக்கும், பார்வைக்கு ஒரே மாதிரி மின்னும். அப்படிக் கலந்த சொம்பில் புளி, தக்காளி, எலுமிச்சை கொதித்தால் புளிப்பு காரீயத்தைக் கரைத்துக்கொண்டு வரும். மீந்த ரசத்தை இரவு முழுக்க அதிலேயே விட்டால் இன்னும் கூடுதலாகக் கரையும். அடுப்பில் காய்ந்து உருகினால் அது கலப்படம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. சுத்த வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும், கேஸ் அடுப்புத் தீ அதைவிட எவ்வளவோ சூடு. காகிதத்தில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதும் கொஞ்சமாகக் கலந்திருந்தால் காட்டிக் கொடுக்காது. வீட்டில் செய்யும் சோதனை எதையும் நம்ப வேண்டாம். நகைக் கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்ரே கருவி பல இடங்களில் வெள்ளீயம், காரீயம் இரண்டின் விகிதத்தையும் காட்டும். சொம்பின் அடி, உள்பக்கம், விளிம்பு என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காரீயம் காட்டினால் அந்தச் சொம்பு சமையலுக்கு ஆகாது. காட்டவில்லை என்றால், அந்தக் கருவி தங்கத்துக்கென்று அளவு திருத்தப்பட்டது என்பதை நினைவில் வைத்து, உலோகப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருவில் ஈயம் பூசி வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: நவச்சாரம் தூவிப் பூசும் அந்தக் கட்டி எந்த ஈயம் என்று பூசுபவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கனமான வார்ப்பு இண்டாலியம் சட்டியில் குழம்பு வைப்பவராக இருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய உலோகத்தை உருக்கி வார்க்கும்போது காரீயம் கலந்துவிடுகிறது. இண்டாலியம் என்ற பெயரைக் குறிப்பிட்டே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரிக்கை விட்டது. புளி சேரும் எதற்கும் எவர்சில்வர் போதும்.

மஞ்சள்தூளில் நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற காரீய உப்பைச் சேர்ப்பது தெற்காசியா முழுக்க உள்ள மோசடி. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னையில் வாங்கிய மஞ்சளிலும் வரம்பை மீறிய காரீயம் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதிக்கும் உச்சம் கிராமுக்கு 10 மைக்ரோகிராம். ஒரு குழந்தை சாம்பார், கூட்டு, பால் எல்லாம் சேர்த்து நாளுக்குக் கால் கிராம் மஞ்சள் சாப்பிட்டால், வரம்புக்கு உட்பட்ட தூளிலேயே 2.5 மைக்ரோகிராம் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு உணவு வழியாக நாளுக்கு 2.2-ஐ எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். கலப்படத் தூளில் இது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உதிரியாகக் கிடைக்கும் தூளை வாங்காதீர்கள். பாலிஷ் போடாத, மேல்தோல் சொரசொரப்பாக மங்கிய விரலி மஞ்சளை வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கண்ணெதிரே அரைத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று மின்னும் கொம்புதான் சந்தேகத்துக்குரியது, சாயம் ஏறுவது பாலிஷ் போடும் இடத்தில். இந்த மோசடியை ஒழிக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பங்களாதேஷில் 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் காரீயம் இருந்தது. ஆலைகளில் சோதனையும் தண்டனையும் வந்தபின் 2021-இல் அது பூஜ்யமானது. இங்கும் உணவுப் பாதுகாப்புத் துறை அதைச் செய்ய வேண்டும், நாமும் புகார் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. தண்ணீரில் கரைந்த உப்புகளை மொத்தமாக அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காரீயத்தைக் காட்டாது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே குடிநீருக்கான எல்லை, அந்த மீட்டர் அளப்பதோ மில்லிகிராம் கணக்கில். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்றும்போது செறிவு கூடும். ஒழுங்காகப் பராமரித்த ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுத்துவிடும். பித்தளைக் குழாயில் இரவெல்லாம் தேங்கிய முதல் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, அதன்பின் சமையலுக்குப் பிடியுங்கள். கேன் வாங்கினால் சீல், தேதி, 14 இலக்க உரிம எண் மூன்றும் பார்த்து, வெயில் படாமல் வையுங்கள்.

கொசுவர்த்திக்குக் காரீயத்தோடு தொடர்பில்லை. ஆனாலும் அதையும் நிறுத்த வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் அளந்து காட்டினார்கள். கதவைச் சாத்திய அறையில் கர்ப்பிணியும் 3 வயதுக் குழந்தையும் இரவு முழுக்க அதைச் சுவாசிக்கக் கூடாது. ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை, மின்விசிறி. டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் குழந்தை மதியம் தூங்கும்போதும் வலை வேண்டும். டிரம், சம்ப், பிரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். சாம்பார் வாங்க ஒரு தூக்கு எடுத்துப் போங்கள். பேப்பர் கப்பின் உள்ளே இருப்பதும் பிளாஸ்டிக் பூச்சுதான், சூடான காபி அதில் கால் மணி நேரம் நிற்க வேண்டாம். இரண்டையும் குறைப்பது நல்லது. ஆனால் மகனின் சோகைக்கு விடை அங்கே கிடைக்காது.

சாப்பாட்டில் முக்கியமானது, குழந்தை வெறும் வயிறாக நீண்ட நேரம் இருக்கக்கூடாது. மூன்று வேளையும் இடையில் இரண்டு முறையும் ஏதாவது உள்ளே போக வேண்டும். கேழ்வரகு, முட்டை, நெத்திலி, முருங்கைக்கீரை கொடுங்கள். கொய்யாவோ நெல்லிக்காய்ச் சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சிரப்பைப் பாலோடும் டீயோடும் கொடுக்காதீர்கள், சேர வேண்டிய இரும்பை அவை தடுத்துவிடும். ஹீமோகுளோபின் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அவர் சிறுமியாக இருந்தபோது கிடைத்த சொம்பு சுத்தமானதாகவே இருந்திருக்கலாம். மற்ற பாதிக்குப் பதில், அந்தக் காலத்தில் யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது. 2000 வரை நம் பெட்ரோலிலேயே காரீயம் இருந்தது. அது போன பிறகும், 3 முதல் 7 வயதுச் சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 11 மைக்ரோகிராம் அளவில் காரீயம் இருந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது, அளவு கூடக்கூடக் கவனச்சிதறலும் கூடியிருந்தது. அவரிடம் ஆய்வையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "வெள்ளீயம் நல்லதுதான் அத்தை, இதில் வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவோம், நீங்களும் கூட வாங்க" என்று சொம்பைக் கையில் கொடுத்து நகைக் கடைக்கு அழைத்துப் போங்கள். எந்தக் கடையில், எந்த வருடம் வாங்கியது என்பது அவருக்குத்தான் நினைவிருக்கும். முடிவு வரும்வரை ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கட்டும், சொம்பு மேல் அலமாரியில் இருக்கட்டும்.